சமமில்லாத படைகளும் நேர்மையான ஆட்டமும்



இன்றைய உரையில் பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஆடக்கூடிய ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லப் போகிறோம். அது டாங்கிப் போர் ஆட்டம். டாங்கி என்றால் இரும்புத் தகடு போர்த்த, சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து செல்லும் பீரங்கி வண்டி. போரில் அது பெரும்பொருள். நம் ஆட்டத்தில் அது வெறும் தீப்பெட்டி. செலவு ஏதும் இல்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. இரு கட்சிக்கும் படை சமமாக இராது. ஒரு பக்கம் ஒன்பது டாங்கிகள்; மறுபக்கம் ஒரு டாங்கிகூட இல்லை. அப்படியானால் அது நேர்மையான ஆட்டம் ஆகுமா? இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்றைய உரையின் நோக்கம்.

பிள்ளைகளிடம் முதலில் இதைச் சொன்னால், "சார், இது அநியாயம்" என்றுதான் சொல்வார்கள். பந்தாட்டத்தில் பக்கத்துக்குப் பதினொருவர். சதுரங்கத்தில் பக்கத்துக்குப் பதினாறு காய். சமம் என்றால்தான் நியாயம் என்று அவர்கள் பழகியிருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் நம் பாட்டிமார் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை நினைவூட்ட வேண்டும். தமிழ்நாட்டில் கோயில் மண்டபங்களின் கல்தரையிலும் திண்ணைகளிலும் அதன் கட்டங்கள் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். அதில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. ஆனால் ஆடுகள் ஒன்றுக்கொன்று துணையாக நின்று புலிகளை நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரர் வென்றார். மலாய் மக்களிடமும் 'ரிமாவ்' என்னும் புலி ஆட்டம் உண்டு. ஆக, சமமில்லாத படைகளை மோதவிட்டு நேர்மையாக ஆடும் கலை நமக்குப் புதிதன்று. அதன் நுட்பம் ஒன்றுதான்: இரு கட்சிக்கும் பலம் வேறு; ஆகவே வெற்றியின் இலக்கணமும் வேறு.

இனி, நம் ஊர்ப் பக்கத்து வரலாற்றுக்கு வருவோம். மலாக்காவின் தென்கோடியில் மெர்லிமாவ், சுங்கை ரம்பை வட்டாரத்தில் இருப்பவர்கள் மாநில எல்லையைக் கடந்தால் மூவார். மூவாரிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக யோங் பெங் நோக்கிச் செல்லும் சாலையில் பக்ரி என்னும் ஊர் இருக்கிறது. 1942ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் விடியற்காலையில் அந்தச் சாலையில் ஒரு டாங்கிச் சண்டை நடந்தது. ஜப்பானியர் பக்கம் எட்டொன்பது டாங்கிகள். எதிர்ப்பக்கம் ஆஸ்திரேலியப் பட்டாளம் ஒன்று. அவர்களிடம் டாங்கி இல்லை. இரண்டு ராத்தல் குண்டு சுடும் சிறு பீரங்கிகள் இரண்டு, அந்தச் சாலையைக் காத்து நின்றன.

அந்த டாங்கிகள் 'டைப் 95' என்ற இலகு வகை. ஒவ்வொன்றும் ஏழு டன்னுக்குச் சற்று மேல். உள்ளே மூன்று பேர். அதன் கவசத் தகடு மிகத் தடித்த இடத்திலும் 12 மில்லிமீட்டர்தான். காலாட்படைத் துணை இல்லாமல் அவை சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பீரங்கிக்காரர் முதலில் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளைச் சுட்டனர். தகடு மெல்லியதாக இருந்தபடியால் குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியதே தவிர, டாங்கி நிற்கவில்லை. உடனே அவர்கள் வெடிகுண்டு வகைக்கு மாறினர். சிறிது நேரத்தில் சாலை நெடுக டாங்கிகள் எரிந்து கிடந்தன. அந்தக் காட்சியைப் படமெடுத்தார்கள். அந்தப் படம் இன்றும் போர் வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது.

இதைக் கேட்டவுடன், "சிறியவன் பெரியவனை வெல்வான்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பதினொரு நாள் முன்பு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1942 ஜனவரி 7ஆம் நாள், பேராவில் ஸ்லிம் ரிவர் என்ற இடத்தில், இதே ஜப்பானியரின் டாங்கிகள் சுமார் இருபது, விடியுமுன் நிலவொளியில் சாலை வழியே பாய்ந்தன. எதிரே இருந்தவை இரண்டு பிரிகேட் படைகள். இந்திய, கூர்க்கா, ஸ்காட்லாந்துப் பட்டாளங்கள். ஆயிரக்கணக்கான வீரர்கள். ஆறு மணி நேரத்தில் டாங்கிகள் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஊடுருவிச் சென்றன. ஸ்லிம் ஆற்றுப் பாலம் தகர்க்கப்படுமுன்பே பிடிபட்டது. நான்கு நாளில், அதாவது ஜனவரி 11ஆம் நாள், ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் நுழைந்துவிட்டனர்.

அங்கே ஆயிரக்கணக்கானோரால் நிறுத்த முடியாததை இங்கே இரண்டு பீரங்கிகள் நிறுத்தின. ஏன்? காரணத்தைத் தேடினால் நம் தோட்டப்புறத்திலேயே ஒன்று அகப்படும். ஸ்லிம் ரிவர்ப் பகுதியில் நெடுஞ்சாலையை நேராக்கியபோது, பழைய சாலையின் வளைவுகள் கைவிடப்பட்டு, பால்மரக் காட்டுக்குள் அப்படியே கிடந்தன. அவற்றை யாரும் அடைக்கவில்லை. நேர்ச்சாலையில் தடை வந்ததும் டாங்கிகள் அந்தப் பழைய வளைவுகளில் புகுந்து தடையின் பின்னால் போய் நின்றன. முன்னணியில் இடி விழுந்த செய்தி பின்னால் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சாலையில் வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்த பட்டாளங்கள், டாங்கி முதுகுக்குப் பின்னால் வந்த பிறகே அதை அறிந்தன. டாங்கியை நிறுத்தும் பீரங்கிகள் இருந்தும், வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் இல்லை.

பக்ரியிலோ, இடம் பார்த்துப் பீரங்கி வைத்தார்கள். காலம் பார்த்துச் சுட்டார்கள். சுட்ட குண்டு வேலை செய்யாதபோது மாற்றிச் சுட்டார்கள். திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பதை நேயர்கள் அறிவீர்கள். பகல் வெளிச்சத்தில் காக்கை கோட்டானை வெல்லும் என்றும், சேற்றில் கால் புதைந்த யானையை நரியும் கொல்லும் என்றும் அவர் காட்டும் உவமைகளின் பொருள் இதுவே. பலம் என்பது எண்ணிக்கை மட்டும் அன்று. எண்ணிக்கையோடு இடமும் காலமும் சேர்ந்ததே பலம்.

இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஆடிப் பார்த்தால் மறக்க மாட்டார்கள். பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற படை அதிகாரி 1824ஆம் ஆண்டிலேயே வரைபடமும் பகடையும் நடுவரும் கொண்ட போர் ஆட்டத்தை அமைத்து, அதிகாரிகளுக்குப் பயிற்சியாக்கினார். எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1913இல் பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி ஆடுவதற்கு ஒரு விதிநூலே எழுதினார். நாங்கள் அவர்களைப் பின்பற்றி, தோட்டப் பள்ளிக்குத் தக்கவாறு சுருக்கி அமைத்துக்கொண்ட முறையைச் சொல்கிறோம். ஆசிரியர்களும் பெற்றோர்களும் குறித்துக்கொள்ளலாம்.

வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் 24 சாண் நீளத்துக்கு ஒரு சாலை வரையுங்கள். இரண்டு வளைவு இருக்கட்டும். சாலையின் இருபுறமும் பால்மரக் காடு. காய்ந்த இலைகளைப் பரப்பினால் போதும். டாங்கிக்கு ஒன்பது தீப்பெட்டிகள். பீரங்கிக்கு இரண்டு சோடாப் புட்டி மூடிகள். காலாட்படைக்கு ரப்பர் கொட்டைகள். ஒரு கொட்டை பத்துப் பேருக்குச் சமம். வெட்டிச் சாய்த்த மரத்துக்கு இரண்டு குச்சிகள். ஒரு பகடை. அவ்வளவுதான் சாமான்.

கட்சிகளுக்கு நாட்டின் பெயரையோ இனத்தின் பெயரையோ வைக்க வேண்டாம். ஒன்று சாலை அணி, மற்றொன்று காவல் அணி. சாலை அணியில் நான்கு பேர்: மூவருக்கு ஆளுக்கு மூன்று டாங்கிகள், நான்காமவருக்குப் பன்னிரண்டு கொட்டைகள். காவல் அணியில் மூன்று பேர்: இருவருக்கு ஆளுக்கொரு பீரங்கி, மூன்றாமவருக்கு ஆறு கொட்டைகளும் இரண்டு மரத்தடைகளும். நடுவராக ஆசிரியர் இருப்பார். பிள்ளைகள் பழகிய பின் அவர்களில் ஒருவரே நடுவராகலாம்.

டாங்கி சாலையில் ஒரு முறைக்கு நான்கு சாண் போகும். காட்டுக்குள் ஒரு சாண்தான். கொட்டை எங்கும் இரண்டு சாண். மரத்தடையை அகற்ற வேண்டுமானால் காலாட்படை அதன் அருகே வந்து ஒரு முறை முழுக்க நிற்க வேண்டும். பீரங்கியின் இடத்தைக் காவல் அணி தாளில் எழுதி நடுவரிடம் கொடுத்துவிடும். முதல் குண்டு சுடும்வரை மூடியைத் தரையில் வைப்பதில்லை. பீரங்கி ஒரு முறைக்கு இரண்டு தடவை சுடலாம். ஆறு சாணுக்குள் என்றால் பகடையில் நான்கு, ஐந்து, ஆறு விழுந்தால் டாங்கி போயிற்று. அதற்கு அப்பால் என்றால் ஆறு விழ வேண்டும். டாங்கி பீரங்கியைத் திருப்பிச் சுட ஆறு விழ வேண்டும். ஆனால் தன் காலாட்படை இரண்டு சாணுக்குள் உடன் இருந்தால் நான்கு விழுந்தாலே போதும். ஏனெனில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் இருப்பவனுக்குச் சிறு கண்ணோட்டைதான். வெளியில் இருப்பவன் காட்டினால்தான் அவனுக்குத் தெரியும். பக்ரியில் டாங்கிகள் துணையின்றி வந்ததன் விலை என்ன என்பதை இந்த ஒரு விதியே பிள்ளைகளுக்கு உணர்த்திவிடும்.

மொத்தம் பத்து முறை. பத்து முறைக்குள் மூன்று டாங்கிகள் சாலையின் மறுமுனையைக் கடந்தால் சாலை அணிக்கு வெற்றி. இரண்டோ அதற்குக் குறைவோ என்றால் காவல் அணிக்கு வெற்றி. கவனியுங்கள்: காவல் அணி எதிரியை அழிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. தாமதப்படுத்தினால் போதும் என்கிறோம். குறைந்த படை உள்ளவனிடம் நிறைந்த படை உள்ளவனின் வேலையைக் கேட்பதுதான் அநியாயம். அவனால் இயன்ற, ஆனால் எளிதல்லாத ஒரு வேலையைக் கேட்பது நியாயம்.

பலர் ஆடும் ஆட்டத்தில் வேறு சில தொல்லைகளும் உண்டு. முதலாவது, ஒரே அணியில் உள்ள கெட்டிக்காரப் பிள்ளை மற்ற மூவருக்கும் கட்டளையிட்டு ஆட்டத்தைத் தானே ஆடிவிடும். மற்றவர்கள் பொம்மையாக நிற்பார்கள். இதற்கு நாங்கள் கண்ட மருந்து, பேச்சைத் தடுப்பது. அணிக்குள் செய்தி சொல்ல வேண்டுமானால் துண்டுத் தாளில் எழுத வேண்டும். நடுவர் அதை அடுத்த முறையில்தான் சேர்ப்பார். அப்போதுதான் ஸ்லிம் ரிவரில் செய்தி எட்டாமற்போனதன் கொடுமை விளங்கும். 'வளைவில் பீரங்கி. நில்.' என்று மூன்று சொல்லில் எழுதப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். கட்டுரைப் பயிற்சியில் இதைவிடச் சிறந்தது எது?

இரண்டாவது, டாங்கி மூன்றையும் தொடக்கத்திலேயே இழந்த பிள்ளை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதைச் சும்மா விடக்கூடாது. அந்தப் பிள்ளையை உடனே துணை நடுவராக்கிப் பகடையையும் முறைக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். இருபக்க இரகசியமும் தெரிந்த மகிழ்ச்சியில் தோல்வி மறந்துபோகும்.

மூன்றாவது தொல்லைதான் பெரியது. "அவனுக்கு நல்ல பக்கம் கிடைத்தது, அதனால் ஜெயித்தான்" என்ற முறையீடு. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பக்கம் மாற்றி இரண்டாம் ஆட்டம் ஆடுவது. முதல் ஆட்டத்தில் உங்கள் அணி ஐந்து டாங்கிகளைக் கடத்தியது. பக்கம் மாறியதும் அவர்கள் நான்கைக் கடத்தினார்கள் என்றால், நீங்கள் வென்றீர்கள். யாருக்கு எது கிடைத்தது என்பது இங்கே கணக்கில்லை. அதே கையிருப்பை வைத்துக்கொண்டு யார் எவ்வளவு செய்தார்கள் என்பதே கணக்கு. மற்றொன்று, ஏலம். "சாலை அணி வேண்டுமா? எத்தனை டாங்கியோடு ஆடுவீர்கள்?" என்று கேளுங்கள். ஓர் அணி ஒன்பது என்னும். மற்றது எட்டு போதும் என்னும். முதலணி ஏழு என்று இறங்கும். குறைத்துக் கேட்டவருக்கே அந்தப் பக்கம். பிறகு யாரும் அநியாயம் என்று சொல்ல முடியாது. பலகாரத்தை ஒருவர் பங்கிட்டு மற்றவர் முதலில் எடுப்பது போன்ற முறைதான் இது.

கணக்குப் பாடமும் இதற்குள்ளேயே இருக்கிறது. நான்கு, ஐந்து, ஆறு விழ வேண்டும் என்றால் வாய்ப்பு பாதி. இரண்டு தடவை சுட்டால் ஒன்றாவது படும் வாய்ப்பு முக்கால். தூரத்திலிருந்து சுட்டால் ஆறில் ஒன்று. ஆகவே பொறுத்துச் சுடு என்று பகடையே சொல்லிக்கொடுக்கும். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்துச் சொல்லும்போது, பின்னக் கணக்கு கசக்கும் என்று யார் சொன்னது என்று கேட்கத் தோன்றும்.

"பிள்ளைகளுக்குப் போரை விளையாட்டாக்கிக் காட்டலாமா?" என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்வியே. ஆகவே ஆட்டம் முடிந்ததும் சாமான்களை அள்ளிப் போட்டுவிட்டு மணியடிக்கக் கூடாது. விழுந்த கொட்டைகளை எண்ணச் சொல்ல வேண்டும். பத்துக் கொட்டை விழுந்தால் நூறு பேர். நூறு வீட்டில் அழுகை. பிறகு, பக்ரியில் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும்.

டாங்கிகளை நிறுத்தியவர்கள் அந்தப் போரில் வெல்லவில்லை. ஜப்பானியர் பின்பக்கமாக வந்து சாலையை வெட்டிவிட்டனர். அங்கிருந்த 45ஆவது இந்தியப் பிரிகேட்டில் பெரும்பாலோர் போதிய பயிற்சி பெறாத இளைஞர்கள். அவர்களும் ஆஸ்திரேலியரும் பாரிட் சூலோங் பாலம் வரை போராடிப் பின்வாங்கினர். பாலம் எதிரியின் கையில் இருந்தது. ஜனவரி 22ஆம் நாள், நடக்க முடிந்தவர்கள் சதுப்பும் காடும் வழியாகத் தப்பினர். யோங் பெங்கை அடைந்தவர்கள் சுமார் 900 பேர். நடக்க முடியாமல் விடப்பட்ட காயம்பட்டோர், ஆஸ்திரேலியரும் இந்தியரும் நூற்றுக்கு மேற்பட்டோர், கொல்லப்பட்டனர். அதன் பிறகு வந்த ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. பிள்ளைகளின் கொள்ளுப்பாட்டனார் சிலரும் அவர்களில் இருக்கக்கூடும். வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள்.

இதைக் கேட்ட பிறகு எந்தப் பிள்ளையும் போரை வேடிக்கை என்று நினைக்காது. ஓரிடத்தில் வெல்வது வேறு, முடிவில் வெல்வது வேறு என்பதையும் அது அறிந்துகொள்ளும். மறைக்காமல் முழுவதையும் சொல்லும்போதுதான் ஆட்டம் பாடமாகிறது.

நேயர்களே! தோட்டப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை குறைவு. பட்டணத்துப் பெரிய பள்ளியோடு போட்டிக்குப் போகும்போது, நம் பிள்ளைகள் எதிர்வரிசையை எண்ணிப் பார்த்தே பாதி தோற்றுவிடுகிறார்கள். அவர்களிடம் "உலகம் நியாயமானது, எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கும்" என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பினால் பின்னால் ஏமாறுவார்கள். "துணிந்தால் எதையும் வெல்லலாம்" என்று சொல்வதும் முழு உண்மையன்று. பாரிட் சூலோங்கில் துணிவுக்குக் குறைவில்லை. நாம் சொல்லக்கூடியது வேறு. உன் கையில் என்ன இருக்கிறது என்று எண்ணு. எந்த இடம் உனக்கு ஏற்றது என்று பார். உன்னால் இயன்ற இலக்கு எது என்று தெரிந்துகொள். ஒரு குண்டு பயன்படாவிட்டால் மறுகுண்டை எடு. துணையில்லாமல் முன்னேறாதே. துணைக்கு வேண்டிய செய்தியைக் காலத்தில் சொல்.

இதே பாடம் பெரியவர்களுக்கும் உண்டு. குறைந்த கையிருப்போடு நிற்கும் பிள்ளையை, நிறைந்த கையிருப்போடு நிற்கும் பிள்ளையின் அளவுகோலால் அளக்காதீர்கள். இருந்ததை வைத்து எவ்வளவு செய்தது என்று பாருங்கள். அவ்விதம் அளந்தால், தோற்றதாக நாம் நினைத்த பல பிள்ளைகள் வென்றிருப்பது தெரியவரும்.